நூற்றைந்தை 1005 என்று எழுதும் மகள்

கிளிநொச்சி மாவட்டத்தில், குளத்தை அண்டிய ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை இனங்காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு 29 வயது. கணவர் மேசன் வேலைக்காக வாரநாட்களில் வவுனியாவில் தங்குகிறார். வீட்டில் மாமியாரும், தரம் 3 இல் படிக்கும் மகளும், முன்பள்ளிக்குப் போகும் ஐந்து வயது நிரம்பாத மகனும் இருக்கிறார்கள். இவர் விடியுமுன் எழுந்து நாளொன்றுக்கு 150 அளவில் இடியப்பம் அவித்து, பத்துப் பத்தாகக் கட்டி, சந்தியிலுள்ள இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறார். இரண்டாம் தவணைப் பரீட்சையில் மகளுக்குக் கணிதத்தில் 46 புள்ளிகள். நூற்றைந்தை எண்ணில் எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிறாள். தொண்ணூறு என்றால் 900 என்கிறாள். 8 உடன் 5 ஐக் கூட்டுவதற்கு இன்னமும் விரல் மடக்குகிறாள். மாலை வகுப்பில் விரல் மடக்கினால் அடிமட்டத்தால் விரலில் அடி விழுகிறது. இப்போது ஆகஸ்ட் விடுமுறை. அந்த வகுப்பில் விடுமுறைக்கென்று மாதம் 3,000 ரூபாய்க்குத் தனி அபாகஸ் பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். வெளிநாட்டிலுள்ள தம்பி, கணித விளையாட்டுகள் நிறைந்த டேப்லெட் ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறார். மாமியாரோ 16 ஆம் வாய்ப்பாடு வரை பாடமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்.

“2008 இல் நான் தரம் 6 படித்துக்கொண்டிருந்தபோது இடம்பெயர்ந்தோம். பிறகு முகாம். அங்கிருந்து திரும்பி வந்து படித்தும் சாதாரண தரத்தில் கணக்கு சித்தியில்லை. எனக்கு வராத கணக்கு என் பிள்ளைக்கும் வராதோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் இரண்டு வருடத்தில் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. இந்த விடுமுறையில் வீட்டிலிருந்தபடி நான் என்ன செய்யலாம்?” என்று கேட்கிறார். கடிதத்தின் இறுதி வரியில் தன்னைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை ஒரு பயந்த தாயைக் கண்டேன். இரண்டாம் முறை வாசித்தபோது, ஒரு கிலோ மாவுக்கு எத்தனை இடியப்பம் வரும், இரண்டு கடைக்கும் எப்படிப் பிரிப்பது, விற்காமல் திரும்பி வந்ததைக் கழித்து எவ்வளவு காசு வாங்க வேண்டும், அதில் மாவுக்கும் விறகுக்கும் போக மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் மனக்கணக்குப் போடும் ஒருவரைக் கண்டேன். அந்த இரண்டாமவர் தனக்குக் கணக்கு வராது என்று எழுதுவதை ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை என்ற முறையில் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உங்களுக்கு நடந்ததைச் சற்று நிதானமாகப் பாருங்கள். உங்களிடமிருந்து பறிபோனது தரம் 6, தரம் 7 காலத்துப் பாடங்கள். பின்னம், தசமம், விகிதம், அட்சரகணிதத்தின் தொடக்கம் ஆகியவற்றை மற்றப் பிள்ளைகள் படிக்கும் வயதில் நீங்கள் தறப்பாளுக்குக் கீழ் இருந்தீர்கள். அந்த அத்திவாரம் இல்லாமல் மேல் வகுப்புக் கணிதம் நிற்காது, அதனால் சித்தியடையவில்லை. அது உங்கள் மூளையின் குறையுமல்ல, இரத்தத்தில் பிள்ளைக்குக் கடத்தப்படும் ஒன்றுமல்ல. உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது தரம் 3 இன் கணிதம். இடம்பெயருமுன்னர் நீங்கள் முழுமையாகப் படித்து முடித்த பகுதி அது. ஆகவே உங்களுக்குத் தெரியாத எதையும் நீங்கள் கற்பிக்க வேண்டியதில்லை.

கணக்கு வராது என்பது பிறவியில் கடத்தப்படுவதில்லை. ஆனால் கணக்கின் மீதான பயம் வீட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும். கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு உதவ உட்காரும்போது, அவர்களுடைய முகமும் மூச்சும் பிள்ளைக்கு வேறொரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. எனவே முதல் வேண்டுகோள் இதுதான்: “எனக்கும் கணக்கு வராது” என்ற வசனத்தை, ஆறுதலுக்காகக்கூட, மகளின் காதில் விழும்படி சொல்லாதீர்கள்.

தொண்ணூறுக்குள் நூறு

மகள் நூற்றைந்தை 1005 என்று எழுதுவது கவனக்குறைவால் அல்ல. அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறாள். நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 1005. அவளுடைய தர்க்கத்தில் பிழை இல்லை. ஓர் இலக்கம் நிற்கும் இடம்தான் அதன் பெறுமதியைத் தீர்மானிக்கிறது என்ற ஒன்று மட்டும் இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. தொண்ணூறை 900 என்பதும் இதே வகைதான். இருபது, முப்பது, நாற்பது என்று ஒழுங்காக வரும் நம் எண்பெயர்கள் எண்பதைத் தாண்டியதும் திடீரென்று தடம் மாறுகின்றன. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் ‘நூறு’ ஒலிக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது. (பழந்தமிழில் ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்றொரு பெயரும் இருந்தது; அதன் எச்சத்தைத்தான் இந்தச் சொற்களின் தலையில் காண்கிறோம்.) காதுள்ள பிள்ளை இந்த இடத்தில் தடுமாறத்தான் செய்யும். வன்னிப் பாடசாலைகளில் சேவைக்கால ஆலோசகராகச் சென்றுவந்த காலத்தில், 89 வரை எண்ணிவிட்டு அடுத்து நூறு என்று தாவும் பிள்ளைகளை எத்தனையோ வகுப்புகளில் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மருந்து உங்கள் குசினியிலேயே இருக்கிறது. நீங்கள் பத்து இடியப்பத்தை ஒரு கட்டாகக் கட்டுகிறீர்கள். பத்துக் கட்டை ஒரு பெட்டியில் அடுக்கினால் நூறு. எஞ்சி நிற்பவை தனி. பாடப்புத்தகம் நூறாமிடம், பத்தாமிடம், ஒன்றாமிடம் என்று சொல்வதை நீங்கள் பெட்டி, கட்டு, தனி என்று தினமும் கையால் செய்கிறீர்கள். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் மூன்று நிரல் கோடிட்டு, மேலே ‘பெட்டி’, ‘கட்டு’, ‘தனி’ என்று எழுதி, அன்றைய கணக்கை எழுதும் பொறுப்பை மகளிடம் கொடுத்துவிடுங்கள். 148 அவித்தால் ஒரு பெட்டி, நான்கு கட்டு, எட்டுத் தனி. ஒரு நாள் வேண்டுமென்றே சரியாக 105 அவியுங்கள். பெட்டி ஒன்று, தனி ஐந்து, கட்டு? கட்டு ஒன்றுமில்லை. அந்த ‘ஒன்றுமில்லை’ என்ற வெற்றிடத்தில் அவளாகவே 0 போடும்போது, 105 இல் நடுவே நிற்கும் பூச்சியம் எதற்காக நிற்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் வகுப்பறையில் ஒரு வாரம் மினக்கெட்டுச் சொல்லிக்கொடுப்பது அது. தொண்ணூறு என்பது ஒன்பது கட்டு, பெட்டி இன்னும் நிரம்பவில்லை என்று கண்ணால் கண்ட பிள்ளை அதை 900 என்று எழுத மாட்டாள்.

கழித்தலும் இதே கொப்பியில் வந்துவிடும். மூன்று கட்டும் இரண்டு தனியும் இருக்கும்போது பக்கத்து வீட்டில் ஐந்து இடியப்பம் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு கட்டை அவிழ்ப்பீர்கள். பாடசாலையில் ‘கடன் வாங்குதல்’ என்று சொல்லிக்கொடுக்கப்படுவது இந்தக் கட்டவிழ்ப்புத்தான். கடன் என்ற சொல் பிள்ளைகளைக் குழப்புகிறது. வாங்கிய கடனை ஏன் திருப்பிக் கொடுப்பதில்லை என்று என்னிடம் ஒரு மாணவன் கேட்டிருக்கிறான், நியாயமான கேள்வி. நீங்கள் ‘அவிழ்த்தல்’ என்றே சொல்லுங்கள்.

இடியப்பம் அவிக்காத நாளில் ஈர்க்கு இருக்கிறது. தென்னோலை ஈர்க்கைச் சிறு துண்டுகளாக முறித்து, பத்துக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால் அதே வேலையைச் செய்யும். இன்னொன்றும் செய்து வையுங்கள். பழைய நாட்காட்டி அட்டையில் 100, 200 என்று நீளமான துண்டுகளும், 10, 20 என்று நடுத்தரத் துண்டுகளும், 1 முதல் 9 வரை சிறு துண்டுகளும் வெட்டி எழுதுங்கள். இலக்கங்கள் எல்லாவற்றிலும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். நூற்றைந்து என்றால் 100 என்ற அட்டையின் வலது ஓரத்தில், கடைசிப் பூச்சியத்தின் மேல் 5 ஐ வைக்கச் சொல்லுங்கள். 105 என்று தெரியும். உயர்த்திப் பார்த்தால் உள்ளே 100 ஒளிந்திருக்கும். 1005 என்று எழுதும் பழக்கத்தை இந்த அட்டைகள் பத்து நாளுக்குள் அசைத்துவிடுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

காசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் படித்த காலத்தில் ஐந்து சதம், பத்துச் சதத்தில் இனிப்பு வாங்கியே கூட்டல் பழகினோம். 2022 இன் விலையேற்றத்துக்குப் பிறகு ஒரு சின்னப் பிஸ்கட் பைக்கற்றுக்கே நூறு ரூபாய் அளவில் தேவைப்படுகிறது. பிள்ளைக்கு நூறு என்பது ஒற்றைத் தாளாகவே அறிமுகமாகிறது; அதற்குள் பத்துப் பத்துகள் இருப்பது தெரிய வாய்ப்பில்லை. கடையிலிருந்து வரும் பத்து ரூபாய்க் குற்றிகளை ஒரு பேணியில் சேர்த்து, பத்துக் குற்றியை அடுக்கி ஒரு நூறு ரூபாய்த் தாளுக்கு மாற்றிக்கொள்ளும் வேலையை வாரம் ஒருமுறை அவளைச் செய்யவிடுங்கள்.

ஒரு நிபந்தனை. அவளை விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பாதீர்கள், ஆவி பறக்கும் பானைக்குக் கிட்டவும் விடாதீர்கள். இடியப்பம் கட்டும் நேரத்தில் அவள் தூங்கட்டும். கொப்பிக் கணக்கு மாலையில் நடக்கட்டும். கணக்கைப் படிக்க வந்த பிள்ளை உங்கள் வேலையாளாக மாறிவிடும் எல்லை மிக மெல்லியது. அதை நீங்கள்தான் காக்க வேண்டும்.

விரல் மடக்குவது குற்றமல்ல

விரல் மடக்கும் பிள்ளை பின்தங்கிய பிள்ளை என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஐந்து முதல் ஏழு எட்டு வயது வரை விரல்கள் எண்ணுக்கு ஏணி. மேலே ஏறியவர்கள் தாமாகவே விட்டுவிடுவார்கள். ஏணியைப் பறித்தால் பிள்ளை மேசைக்குக் கீழ் கையை ஒளித்துக்கொண்டு எண்ணும், அல்லது ஊகித்து ஏதோவொன்றைச் சொல்லும். இரண்டும் விரல் மடக்குவதைவிட மோசம்.

செய்ய வேண்டியது, அவளை ஒரு படி மேலே ஏற்றுவது. 8 உடன் 5 ஐக் கூட்டும்போது ஒன்றிலிருந்து தொடங்கி எண்ணுகிறாளா, எட்டை மனதில் வைத்து ஒன்பது, பத்து என்று தொடர்கிறாளா என்று ஒரு நாள் பேசாமல் இருந்து பாருங்கள். முதல் வகையென்றால் இரண்டாவதைக் காட்டுங்கள். இரண்டாவது வகையென்றால், எட்டுக்குப் பத்தாக இன்னும் இரண்டு வேண்டும், ஐந்திலிருந்து இரண்டை எடுத்தால் மூன்று மிஞ்சும், ஆகவே பதின்மூன்று என்ற வழிக்குக் கொண்டுவாருங்கள். கட்டில் எட்டு இருந்தால் இன்னும் எத்தனை வைத்தால் கட்டலாம் என்ற கேள்வியும் இதுதான்.

இதற்குக் கொக்கானை விட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஒரு கல்லை மேலே எறிந்து, தரையிலுள்ள நான்கையும் முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, பிறகு நான்கையும் சேர்த்து அள்ளும் பிள்ளை, நான்கு என்ற எண் எந்தெந்த வகையில் பிரியும் என்பதைக் கையாலேயே கற்றுக்கொள்கிறது. மாமியாருக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும். ஆட்டத்துக்கு அவரை அழையுங்கள். சோழி குலுக்கித் தாயம் விளையாடினால் எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் மூன்று, நான்கு என்று சொல்லும் பழக்கம் வரும்.

அடியைப் பற்றி. பாடசாலைகளில் உடற்தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் இருக்கிறது. தனியார் வகுப்பு என்பதால் அந்த நியாயம் இல்லாமல் போய்விடாது. வகுப்பு நடத்துபவரிடம் நேரில் சென்று, “பிள்ளைக்கு அடிக்க வேண்டாம், விரலில் எண்ணினால் விட்டுவிடுங்கள்” என்று அமைதியாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் வகுப்பை நிறுத்துங்கள். காயப்படும் அளவுக்கு அடித்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு. எங்களையும் அடித்துத்தானே படிப்பித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிப் படித்தவர்களில் எத்தனை பேர் கணக்கென்றால் இன்றும் ஓடுகிறார்கள் என்பதையும் அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அபாகஸ், டேப்லெட், வாய்ப்பாடு

அபாகஸ் பயிற்சி கெடுதியானதல்ல. மணிகளைக் கையாளும் வேகமும் மனதில் படம் பிடிக்கும் திறனும் அதனால் கூடலாம். ஆனால் உங்கள் மகளின் சிக்கல் வேகத்தில் இல்லை; 105 என்றால் என்ன என்பதில் இருக்கிறது. விளங்காத ஒன்றை வேகமாகச் செய்யப் பழகுவதற்கு மாதம் 3,000 ரூபாய் கொடுப்பதை, அதிலும் அடி விழும் அதே இடத்தில் கொடுப்பதை, நான் பரிந்துரைக்க மாட்டேன். கடன்பட்டுக் கொடுப்பதென்றால் இன்னும் உறுதியாக வேண்டாம் என்பேன். வீட்டில் பார்த்துக்கொள்ள எவருமே இல்லை என்ற நிலை இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் வீட்டில் நீங்களும் இருக்கிறீர்கள், மாமியாரும் இருக்கிறார்.

டேப்லெட் வந்தால் வரட்டும். தம்பியின் அன்பைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. நேரம் ஓடிக்கொண்டிருக்க விடை கேட்கும் விளையாட்டுகளைத் தவிர்த்து, நாளுக்கு 15 நிமிடம், நீங்களோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது மகள் விளையாடலாம். சின்னவனுக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

மாமியார் சொல்லும் வாய்ப்பாட்டில் பாதி உண்மை இருக்கிறது. ஓதிப் பழகிய வாய்ப்பாடு கடைசி வரை துணை நிற்கும். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் முதலில் பொருள், பிறகு ஓதல். 2, 5, 10 ஆகியவற்றில் தொடங்குங்கள். முட்டைக் கடையில் தட்டைக் காட்டி, ஒரு வரிசைக்கு ஆறு, அப்படி ஐந்து வரிசை, மொத்தம் முப்பது என்று ஒருமுறை எண்ணவிட்டால் ஆறைந்து முப்பது என்பது வெறும் ஓசையாக இருக்காது. 16 ஆம் வாய்ப்பாடு காத்திருக்கும். மாமியாரிடம் உங்களுக்குத் தேவையான வேறொரு செல்வம் இருக்கிறது. சுண்டு, கொத்து, புசல், சாண், முழம், பரப்பு என்று அளந்த கடைசித் தலைமுறை அவருடையது. ஒரு கொத்துக்கு எத்தனை சுண்டு என்று பேத்தி தானே அரிசியை அளந்து கண்டுபிடிக்கட்டும். கதவின் அகலத்தைப் பேத்தியும் பாட்டியும் தனித்தனியே சாணால் அளந்து பார்த்தால் இரண்டு விடை வரும். யார் சொன்னது சரி என்ற சண்டையிலிருந்துதான் அடிமட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். அடிமட்டத்தின் உண்மையான வேலை என்ன என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டுமல்லவா?

பனம்பழமும் நிழலும்

இது பனம்பழக் காலம். ஒரு பழத்துக்குள் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். சிலவற்றில் இரண்டோ ஒன்றோதான். ஐந்து பழத்தைப் பினையுமுன் எத்தனை கொட்டை வரும் என்று மகளிடம் கேளுங்கள். பதினைந்து என்பாள், அல்லது எண்ணிப் பார்த்துச் சொல்வாள். பினைந்த பிறகு பதின்மூன்று வந்தால், ஏன் குறைந்தது என்று அவளே விளக்கட்டும். அந்தக் கொட்டைகளைப் பாத்தியில் வரிசைக்குப் பத்தாக அடுக்கி, எத்தனை வைத்தோம் என்பதைக் கொப்பியில் எழுதிவிட்டால், தைப்பொங்கலை அண்டிக் கிழங்கு கிண்டும்போது எத்தனை முளைத்தது, எத்தனை பழுதானது என்ற கணக்கு காத்திருக்கும். நான்கு மாதம் நீளும் வீட்டுப்பாடம் இது. திருத்துவதற்கு ஆசிரியர் தேவையில்லை.

முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் இறங்கினால் கச்சான் வாங்காமல் வருவோமா? பத்துக் கோதை எடுத்து வைத்து உள்ளே எத்தனை பருப்பு என்று ஆளுக்கொரு மதிப்புச் சொல்லி, உடைத்துப் பார்த்துவிட்டுத் தின்னலாம். மதிப்பிடுதல் என்பது பாடத்திட்டத்தில் இருந்தும் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகும் திறன்.

இன்னொன்று, நம்முடைய இடத்துக்கே உரியது. முற்றத்தில் ஒரு தடியைச் செங்குத்தாக நட்டு, காலை எட்டு மணி, பத்து மணி, நண்பகல் ஆகிய நேரங்களில் நிழலின் நீளத்தைச் சாணால் அளந்து எழுதச் சொல்லுங்கள். வன்னிக்கு மேலாகச் சூரியன் ஆண்டில் இரண்டு முறை நேர் உச்சியில் வருகிறது: சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் மாத இறுதியில் ஒருமுறை. ஆகஸ்ட் கடைசி நாட்களில், பகல் 12 மணி கடந்து 10 நிமிடம் அளவில் தடியின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அதற்குள் பாடசாலை தொடங்கிவிட்டால் ஒரு சனிக்கிழமையில் பாருங்கள். வெயிலில் நிற்கும் நேரம் ஓரிரு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள் எழுதாமல் விட முடியாது. எண்ணுவதற்குக் கல்லும் கொட்டையும் பொறுக்கப் பிள்ளைகளைப் பற்றை வளர்ந்த வெறுங்காணிகளுக்குள் அனுப்பாதீர்கள். வன்னியில் வெடிபொருள் அகற்றும் பணி இன்னும் எல்லா இடத்திலும் முடிந்துவிடவில்லை. துருப்பிடித்த இரும்பு எதையும் தொடக்கூடாது, கண்ட இடத்திலேயே விட்டுவிட்டு வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மற்றது, கோடையில் வற்றும் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிற்று முடிச்சுகளால் அளப்பது நல்ல கணக்குத்தான். ஆனால் கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும், பிள்ளை கட்டுக்கு இப்பால் நின்று எண்ண வேண்டும்.

சின்னவன்

அவனை உட்கார்த்தி எழுத்துக்கணக்குச் செய்விக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு கோப்பை வைக்கவிடுங்கள். புளியங்கொட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணும்போது கவனியுங்கள். ‘ஏ’, ‘ழு’ என்று ஒரு சொல்லுக்கு இரண்டு கொட்டையைத் தொட்டுவிடுவார்கள். அப்போது ஒவ்வொன்றாகப் பேணிக்குள் போட்டபடி எண்ணப் பழக்கினால் போதும். ஒரு சுண்டுத் தண்ணீரை ஒடுங்கிய உயரமான கிளாசில் ஊற்றினால் கூடிவிட்டது என்பான். அவனைத் திருத்த முனையாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் நினைப்பார்கள் என்று ஜீன் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் இதே பரிசோதனையைச் செய்து எழுதியிருக்கிறார். வளர வளரத் தானாக மாறும். 3 ஐத் திருப்பி எழுதுவதும் ஏழு வயது வரை சாதாரணம். புளியங்கொட்டை மூக்குக்குள்ளும், முழுக் கச்சான் தொண்டைக்குள்ளும் போகக்கூடும் என்பதால் அவன் விளையாடும்போது பக்கத்தில் ஒருவர் இருங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்

கடிதத்தில் நீங்கள் எழுதிய எதுவும் மகளுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாக எனக்குக் காட்டவில்லை. ஆனால் கடிதத்தைக் கொண்டு முடிவு கட்டவும் நான் விரும்பவில்லை. இப்படி வீட்டில் செய்துவந்தும் அடுத்த தவணை முடியும்போது மூன்று நான்கு புள்ளிகளைக்கூட எண்ணாமல் சொல்ல முடியாவிட்டாலோ, 7 பெரிதா 9 பெரிதா என்பதில் தயங்கினாலோ, நேற்றுத் தெரிந்தது இன்று அடியோடு மறந்துபோனாலோ வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அதற்கு முன்னர் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1 இல் நடந்த பிறகு வழமையாகத் தரம் 4 இல்தான் மீண்டும் வரும். அதுவரை காத்திராமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று ஒரு வருடம் முழுவதும் நாங்களே ஏமாந்திருந்த சம்பவமும் என் பணிக்காலத்தில் உண்டு.

புலமைப்பரிசில் பரீட்சையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தரம் 5 க்கு வேண்டிய கணிதம் தரம் 3 இன் இடப்பெறுமதி மேல்தான் நிற்கிறது. நீங்கள் இப்போது செய்யப்போவது அதற்கான ஆயத்தமுந்தான். நாளுக்கு இருபது நிமிடம் போதும். வெயில் ஏறுமுன்னரோ சோளகம் வீசும் மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பிழை வந்தால் “சரியில்லை” என்று தொடங்காமல் “என்னெண்டு கண்டுபிடிச்சனீ?” என்று கேளுங்கள், சரியாக வந்தாலும் அதையே கேளுங்கள். மூன்றாம் தவணை தொடங்கியதும் அந்தப் பெட்டி–கட்டு–தனிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். மகள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்பதை ஒரு பரீட்சைத் தாளைவிட அது அவருக்குத் தெளிவாகச் சொல்லும்.

இனி உங்கள் இறுதி வரி. இந்த வயதில் சாதாரண தரக் கணிதத்தை மறுபடி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்க முடியும். பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பம் கோரும் காலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடந்தகால வினாத்தாள்களில் தொடங்காதீர்கள். அறுந்த இடம் தரம் 6, அங்கிருந்தே தொடங்குங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்களை இலவசமாகத் தரவிறக்கலாம். கைப்பேசியில் வாசிப்பது சிரமமென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தரம் 6 கணிதப் புத்தகத்தை இந்த விடுமுறைக்கு இரவல் கேளுங்கள், பின்னம் பாடத்தை முதலில் புரட்டுங்கள்.